‘ஆபரேஷன்தான் இருக்கே!’ என்ற தைரியம்

ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிப்போம்.

உள்ளங்கை மேலே தெரியுற மாதிரி கையை வைங்க. கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேருங்க. அப்படியே மணிக்கட்டை லேசா உங்களை நோக்கி மடக்குங்க. மணிக்கட்டு நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்து நிற்கிறதா?

அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். சிலருக்கு ஒரு கையில் இருக்காது. சிலருக்கு இரண்டு கையிலும் இருக்காது. இல்லாதவங்க பயப்பட வேண்டாம், அது இல்லாமலே எல்லா வேலையும் நடக்கும்.

இந்த நாணை உருவி எடுத்து, முழங்கையில் கிழிந்துபோன ஜவ்வுக்குப் பதிலாகக் கட்டும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. பேஸ்பால் ஆடும் அமெரிக்கப் பள்ளிப் பையனுக்குக்கூட அதன் பெயர் தெரியும். டாமி ஜான் சர்ஜரி.

அந்த ஆபரேஷனைத் தேடிப் போகும் நிலைக்கு இளம் வீரர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். நியூயார்க் மெட்ஸ் என்ற ஒரே அணியை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்லப் போகிறேன். பேஸ்பால் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் அடிப்படை.

கிரிக்கெட்டில் பௌலர் மாதிரி பேஸ்பாலில் பிட்சர். ஆனால் ஓடி வர மாட்டார். சின்ன மண்மேட்டில் நின்றபடி, 60 அடிக்குச் சற்று அதிகமான தூரத்தை நோக்கிப் பந்தை எறிவார். எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.

நமக்குத் தெரிந்த பௌலிங்குக்கும் இதுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீண்டால் ‘சக்கிங்’ என்று தடை. அதனால் நம்ம ஃபாஸ்ட் பௌலர்களுக்கு அடி விழுவது பெரும்பாலும் முதுகெலும்பில். பேஸ்பாலில் முழங்கையை மடக்கி, சாட்டை மாதிரி வீசினால்தான் வேகமே. அங்கே அடி விழுவது முழங்கையில்.

அந்த வீச்சில் தோள் சுழலும் வேகம் ஒரு நொடிக்கு சுமார் 7,000 டிகிரி. மனித உடம்பு செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று இது.

அப்போது முழங்கையின் உள்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு ஜவ்வு.

1990களில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் அளந்தார்கள். ஒரு எறிதலில் முழங்கை தாங்க வேண்டிய திருகுவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். சடலங்களின் முழங்கையில் அந்த ஜவ்வை மட்டும் சோதித்தபோது அது சுமார் 32லேயே அறுந்தது.

அப்படின்னா ஒவ்வொரு பந்துக்கும் ஏன் அறுவதில்லை? மீதிச் சுமையைச் சுற்றியுள்ள தசைகளும் எலும்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தசை களைத்துப் போனால்? பங்குக்கு ஆள் இல்லை. மொத்தமும் ஜவ்வின் தலையில். இந்த ஒரு பாயிண்டை ஞாபகம் வைச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ மைனர் லீக்.

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் கிளை அணிகள். சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. இது ஒரு நாற்றங்கால் மாதிரி. 18, 20 வயதுப் பையன்களைக் கீழே நட்டு, தேறுகிறவர்களை ஒவ்வொரு படியாக மேலே பிடுங்கி நடுவார்கள். டொமினிக்கன் குடியரசு போன்ற இடங்களிலிருந்து 16 வயதிலேயே ஒப்பந்தம் போட்டுக் கூட்டி வருவதும் உண்டு. மேலே வந்து சேர்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1994-95ல் மெட்ஸ் நாற்றங்காலில் மூன்று பிட்சர்கள் ஒரே நேரத்தில் தலை தூக்கினார்கள். பில் பல்சிஃபர், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன், பால் வில்சன்.

வில்சன் 1994 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் தேர்வு. இஸ்ரிங்ஹவுசன் 1991ல் 44வது சுற்றில், கிட்டத்தட்ட கடைசி வரிசையில் எடுக்கப்பட்டவர். ஒருத்தர் ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி, இன்னொருத்தர் தானா முளைச்ச செடி. மூவருக்கும் சேர்த்துப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘ஜெனரேஷன் கே’. ஸ்கோர் புத்தகத்தில் ‘கே’ என்றால் ஸ்ட்ரைக்அவுட்.

நான் கவனிக்கச் சொல்வது பல்சிஃபரின் கணக்கை. 1994ல் டபுள் ஏ அணியான பிங்ஹாம்டனுக்காக 201 இன்னிங்ஸ் எறிந்தார். அப்போது அவருக்கு வயது 20. அடுத்த வருஷம் டிரிபிள் ஏவிலும் மேஜர் லீக்கிலும் சேர்த்து 200க்கு மேல். 1996 தொடக்கத்தில் முழங்கை ஜவ்வு போச்சு. அந்த சீசனே போச்சு.

வில்சன் 1996ல் மேலே வந்தார். சுமாராக ஆடினார். அந்த ஆண்டின் இறுதியில் தோளில் ஆபரேஷன். மீண்டும் மேஜர் லீக் மைதானத்தில் அவர் எறிந்தது 2000ல், வேறொரு அணிக்காக.

இஸ்ரிங்ஹவுசன் 1995ல் வந்தவுடனே 9 வெற்றி, 2 தோல்வி. ஊரே கொண்டாடியது. அப்புறம் தோள், முழங்கை என்று கத்தி மேல் கத்தி. 1997ல் கோபத்தில் குப்பைத்தொட்டியைக் குத்தி மணிக்கட்டு எலும்பை உடைத்துக்கொண்டார். அதே வருஷம் அவருக்குக் காசநோய் இருப்பதும் தெரிந்தது.

ஆமாங்க, டிபிதான். நம்ம ஓபியில் தினமும் பார்க்கும் அதே டிபி. நியூயார்க் விளையாட்டு வீரருக்கும் வரும். மாத்திரையை ஒழுங்காக முடித்தால் குணமாகும், அவருக்கும் குணமானது.

மூன்று பேரில் நீண்ட நாள் நிலைத்தவர் இந்த 44வது சுற்றுக்காரர்தான். ஆட்டத்தின் கடைசியில் ஒரே ஒரு இன்னிங்ஸ் மட்டும் எறியும் வேலைக்கு மாறி, 2011ல் மறுபடி மெட்ஸ் சட்டையிலேயே தன் 300வது ‘சேவ்’ எடுத்தார்.

ஆனால் எல்லோரும் கனவு கண்ட அந்த மூவர் கூட்டணி மேஜர் லீக்கில் மெட்ஸுக்காக ஒரே வரிசையில் அடுத்தடுத்து எறிந்ததே இல்லை. ஒரு முறைகூட.

அணிகள் பாடம் கற்றுக்கொண்டன. ‘சின்னப் பையன்களை அதிகமா எறிய விட்டோம், அதான் கெட்டுச்சு’ என்று இன்னிங்ஸை எண்ண ஆரம்பித்தார்கள், பந்துகளை எண்ண ஆரம்பித்தார்கள். இன்று 20 வயதுப் பையனை 201 இன்னிங்ஸ் எறிய விடும் மைனர் லீக் அணியைப் பார்க்க முடியாது.

அப்படின்னா காயம் குறைஞ்சிருக்கணும்ல?

அதே மெட்ஸின் அடுத்த பொற்காலத்தைப் பார்ப்போம். 2015ல் உலகத் தொடர் வரை போன சமயம். மாட் ஹார்வி, ஜேக்கப் டிகிராம், நோவா சிண்டர்கார்ட், ஸாக் வீலர், ஸ்டீவன் மாட்ஸ். ஐந்து பேரும் மெட்ஸ் மைனர் லீக் வழியாக மேலே வந்த இளம் பிட்சர்கள்.

மாட்ஸ்: 2010ல் டாமி ஜான் சர்ஜரி.
டிகிராம்: 2010ல்.
ஹார்வி: 2013ல்.
வீலர்: 2015ல்.
சிண்டர்கார்ட்: 2020ல்.

ஐந்துக்கு ஐந்து. டிகிராமுக்கு 2023ல் இரண்டாவது முறையும். இந்த ஐவரும் ஒரே சுற்றில் வரிசையாக இறங்கியது 2018 ஏப்ரலில்தான். சில வாரங்களில் ஹார்வி அணியை விட்டே போய்விட்டார்.

எண்ணிக்கையைக் குறைத்தும் ஏன் இப்படி?

ஏனென்றால் சுமை என்பது எத்தனை தடவை என்பது மட்டுமல்ல. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு விசை என்பதும்தான். 50 கிலோ மூட்டையை நூறு முறை தூக்குகிறவனிடம் ‘இனி அறுபது முறை போதும், ஆனா மூட்டை 90 கிலோ’ என்றால் அது ஓய்வா?

2008ல் மேஜர் லீக் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 147 கிலோமீட்டர். 2024ல் சுமார் 152. ஐந்துதானே என்று தோன்றும். இது சராசரி. அன்று அபூர்வமாக இருந்த வேகம் இன்று நுழைவுச்சீட்டு.

இதே காலகட்டத்தில் காயப் பட்டியலில் பிட்சர்கள் சேர்க்கப்பட்ட எண்ணிக்கை 2005ல் 212. 2024ல் 485.

இது வெளியாள் போட்ட கணக்கு இல்லை. மேஜர் லீக் நிர்வாகமே 200க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இருப்பது. முக்கியக் காரணங்களாக அந்த அறிக்கை காட்டுவதும் இதைத்தான்: வேகத்தின் மீதான மோகம், பந்தைத் திருப்பும் மோகம், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவது.

நோய் எதுன்னு தெரிஞ்சாச்சு. ஆனா ஏன் நிறுத்த முடியலை? இங்கேதான் என் கருத்து வருகிறது.

அந்த ஆபரேஷனின் வெற்றியே இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் இதைச் செய்தபோது, திரும்பி ஆட நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று டாமி ஜானிடம் சொல்லியிருந்தார். டாமி ஜான் 1976ல் திரும்பி வந்தார். 46 வயது வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. மருத்துவ வரலாற்றின் அழகான கதைகளில் ஒன்று. டாக்டரா எனக்குப் பெருமை.

ஆனால் ஒரு வைத்தியம் நன்றாக வேலை செய்தால், அந்த நோயின் மீதுள்ள பயம் போய்விடும். ஓபியில் தினமும் கேட்கிற வசனம் உண்டு: ‘அதான் சுகர் மாத்திரை போடுறேனே டாக்டர், ஒரு லட்டு சாப்பிட்டா என்ன?’

அங்கேயும் அதே மனநிலைதான். 2012ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், பள்ளிக்கூட பேஸ்பால் வீரர்களில் பாதிப் பேர் ‘காயமே இல்லாட்டியும் இந்த ஆபரேஷன் செய்துக்கலாம், ஆட்டம் மேம்படும்’ என்று நம்பினார்கள். பெற்றோரிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அப்படித்தான்.

கிழியாத ஜவ்வை மாற்றினால் வேகம் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்த ஆபரேஷன் யாரையும் சூப்பர்மேன் ஆக்காது. சரியாக நடந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அதற்கே ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் ஆகும். மேஜர் லீக் பிட்சர்களில் சுமார் ஐந்தில் நான்கு பேர் திரும்பி ஆடுகிறார்கள். மிச்சம் ஒருத்தர்? அவரைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

படம் என்றதும் ஞாபகம் வருது. ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ பார்த்திருப்பீங்க, நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் மைனர் லீக்கில் ஒப்பந்தமான கதை. படம் அந்த இனிப்பான இடத்தோடு முடிந்துவிடும். தினேஷை அணி 2010ல் விடுவித்தது. ரிங்குவுக்கு 2013ல் ஆபரேஷன், அதே டாமி ஜான். அதன்பின் அவரால் பழையபடி வர முடியவில்லை. கடைசியில் மல்யுத்த மேடைக்குப் போனார்.

சரி, லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

அணிக்குப் பத்துப் பிட்சர் இருக்கிறான். நாலு பேர் முழங்கை போனாலும் மீதியில் இருவர் நட்சத்திரம் ஆனால் கணக்கு நேர். பையனுக்கு இருப்பது ஒரே ஒரு வலது கை. அணி சராசரியில் வாழ்கிறது. பையன் சராசரியில் வாழ முடியாது.

அதிலும் மைனர் லீக் பையனின் நிலைமை! 2022 வரை டிரிபிள் ஏவில் ஆடுகிறவருக்கே குறைந்தபட்ச ஊதியம் வருஷத்துக்கு 17,500 டாலர். அமெரிக்க விலைவாசிக்கு அது வாடகைக்கும் காணாது. 2022ல் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023ல் போட்ட முதல் ஒப்பந்தத்தில் அது 35,800 டாலர் ஆனது. சங்கம் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இப்படி விளிம்பில் நிற்கிற பையன், ‘கை வலிக்குது’ என்று வாய் திறப்பானா? திறந்தால் அவன் இடத்துக்கு இன்னொருத்தன். நம்ம ஊரில் தினக்கூலித் தொழிலாளி காய்ச்சலோடு வேலைக்குப் போவதும், அங்கே 19 வயது பிட்சர் வலியை மறைப்பதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

இன்னொரு கேள்வி டாக்டர்களாகிய எங்களுக்கு. அணி சம்பளம் கொடுக்கும் டாக்டருக்கு நோயாளி யார்? பையனா, அணியா?

ஹார்வி விஷயத்தைப் பாருங்க. ஆபரேஷன் முடிந்து 2015ல் திரும்பிய முதல் சீசன். 180 இன்னிங்ஸ்தான் எல்லை என்று டாக்டர்கள் சொன்னதாக அவருடைய ஏஜென்ட் பகிரங்கமாகச் சொன்னார். பெரிய சர்ச்சை ஆனது. கடைசியில் பிளேஆஃப் ஆட்டங்களோடு சேர்த்து ஹார்வி எறிந்தது 216. உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் எறிந்துவிட்டு, போதும் என்ற மேனேஜரிடம் ஒன்பதாவதையும் நானே எறிகிறேன் என்று அடம்பிடித்து இறங்கினார். மைதானமே அவர் பெயரைக் கத்தியது. அந்த ஆட்டம் கைவிட்டுப் போனது, தொடரும் போனது.

அடுத்த ஆண்டு தோள்பட்டை அருகே நரம்பு நசுங்கும் பிரச்சனைக்கு இன்னொரு ஆபரேஷன். பழைய ஹார்வி திரும்ப வரவே இல்லை. 216 இன்னிங்ஸ்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, நானும் சொல்ல மாட்டேன். என் கேள்வி வேறு. 26 வயது இளைஞன், எதிரே ஆர்ப்பரிக்கும் கூட்டம், கோப்பைக்கான தொடரில் ஒரு ஆட்டம். அந்த நேரத்தில் அவன் ‘நான் ரெடி’ என்று சொல்வதை முழு சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடமாவது இருந்ததா?

‘அந்தக் காலத்து ஆட்கள் எவ்ளோ எறிஞ்சாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே’ என்பார்கள். உதாரணம் நோலன் ரயன். அவரும் மெட்ஸ் நாற்றங்கால்தான், 1965 டிராஃப்ட். 46 வயது வரை ஆடினார், பயங்கர வேகம். சரிதான். ஆனால் 1993 செப்டம்பரில் அவருடைய கடைசி ஆட்டத்தை முடித்து வைத்ததும் இதே முழங்கை ஜவ்வு கிழிந்ததுதான். தவிர, நூறு வயது வரை பீடி குடித்த தாத்தா ஊருக்கு ஒருத்தர் இருப்பார். அவரைக் காட்டி யாரும் பீடி எழுதித் தருவதில்லை. சீக்கிரம் போனவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? என் கருத்து மூன்று.

ஒன்று, மைனர் லீக்கில் இன்னிங்ஸ் கணக்கோடு விசையின் கணக்கும் வேண்டும். முழு பலத்தில் எத்தனை பந்து என்பதற்கு வரம்பு வேண்டும். எறியும் ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை.

இரண்டு, காயம்பட்ட பையனுக்கு முழுதாகக் குணமாகும்வரை வேலையும் ஊதியமும் உறுதி என்று இருக்க வேண்டும். வலியைச் சொன்னால் சோறு போகாது என்று தெரிந்தால்தான் வலியைச் சொல்வான்.

மூன்று, ஆடலாமா கூடாதா என்ற கடைசி வார்த்தை அணியிடம் சம்பளம் வாங்காத டாக்டரிடம் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவங்களில் அமெரிக்காவில் இருக்கிற நம்ம ஆட்கள் உண்டு. பிள்ளைகள் லிட்டில் லீக்கில் ஆடுவாங்க. உங்களுக்குத் தனியா சில வார்த்தை.

அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரை நடந்த டாமி ஜான் ஆபரேஷன்களில் பாதிக்கும் மேல் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு என்று ஒரு ஆய்வு சொல்கிறது. இது தொழில்முறை வீரர்களின் நோய் மட்டும் இல்லை.

கை களைத்த பிறகும் வழக்கமாக எறிகிற பிள்ளைக்கு ஆபரேஷன் வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு அதிகம் என்று இன்னொரு ஆய்வு. மேலே ஞாபகம் வைக்கச் சொன்னேனே, தசை களைத்தால் மொத்தச் சுமையும் ஜவ்வுக்கு என்று, அதேதான்.

வருஷத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிய விடாதீங்க. ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்று வயதுவாரியா பந்து வரம்பு இருக்கு, பயிற்சியாளர் அதைக் கடைப்பிடிக்கிறாரா கேளுங்க. ஒரே நேரத்தில் இரண்டு அணிக்கு ஆட விடாதீங்க. வருஷத்தில் தொடர்ந்து இரண்டு மூன்று மாதமாவது எறிதலே வேண்டாம், நீச்சல், ஓட்டம், கால்பந்து எது வேணா ஆடட்டும். முழங்கையின் உள்பக்கம் வலி என்று பிள்ளை சொன்னால் ஐஸ் வைத்து மறுநாள் மைதானத்துக்கு அனுப்பாமல் டாக்டரிடம் போங்க.

2025 ஆகஸ்ட், செப்டம்பரில் மெட்ஸ் மறுபடி மூன்று இளம் பிட்சர்களை மேலே கொண்டுவந்தது. நோலன் மெக்லீன், ஜோனா டாங், பிராண்டன் ஸ்ப்ரோட். ரசிகர்கள் பழையபடி உற்சாகமாகிவிட்டார்கள். நானும் ஹைலைட்ஸ் பார்த்தேன், கண்ணுக்கு விருந்துதான். மூவரும் நல்லா இருக்கணும், நாற்பது வயது வரை எறியணும்.

அதுக்கு வாழ்த்து மட்டும் பத்தாது. நல்ல ஆபரேஷன் கையில் இருப்பது கடைசித் தற்காப்பு. அதையே முதல் திட்டமாக வைத்து ஒரு விளையாட்டை நடத்தக் கூடாது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, நைட் டூட்டி முடிந்ததும் பதில் சொல்றேன்.